தரை காயட்டும்

செப்டம்பர் 21, ஞாயிறு

பூசை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஆரோக்கிய செல்வி அக்கா வந்து தோளைப் பிடித்தார். கையில் பட்டியல்.

எங்கள் தெருப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பதினெட்டும் சேர்ந்து ஓர் அன்பியம். அதற்கு அக்காதான் தலைவி. அக்டோபரில் மாதா சுரூபம், அதாவது மரியன்னை சிலை, வீடு வீடாக வரும். ஒரு வீட்டில் ஓர் இரவு. சாயங்காலம் அக்கம்பக்கத்தார் வந்து ஹாலில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிவிட்டு, சுண்டல் சாப்பிட்டுப் போவார்கள். மறுநாள் அடுத்த வீடு.

"பதினாலாந் தேதி ஆரம்பிக்கிறோம் சோபியா. ஒன் வூடு அஞ்சாவது."

"அன்னைக்கு எனக்கு ட்ரெய்னிங் இருக்குக்கா."

பூசையில் நற்கருணை அப்பம் வாங்கிய நாக்கு. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அக்கா சந்தேகமே படாமல் என்னைப் பதினொன்றாவது வீடாக மாற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். சோபா மேல் துவைத்த துணியும் துவைக்காத துணியும் சாதி மதம் பார்க்காமல் கலந்து கிடக்கின்றன. தொட்டியில் செவ்வாய்க்கிழமைப் பாத்திரங்கள். டி.வி. மேல் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிவிட்டுப் போன அரியலூர்த் தூசி. விரலால் என் பெயரை எழுதிப் பார்த்தேன். தெளிவாகத் தெரிந்தது.

அப்பா போய் ஒரு வருஷமும் ஒரு மாதமும் ஆகிறது. அதன் பிறகு வெளியாள் ஒருவரும் இந்த ஹாலுக்குள் வந்ததில்லை. காஸ் போடும் மணிவேல் கேட்டுக்கு வெளியே சிலிண்டரை இறக்கிவிட்டுப் போய்விடுவார், நான் உருட்டிக்கொண்டு வருவேன். யார் வந்தாலும் கேட்டிலேயே பேசி அனுப்பிவிடுவேன், செக்போஸ்ட் போலீஸ்காரி மாதிரி.

எட்டாம் வகுப்புக்குச் சுகாதாரப் பாடம் எடுக்கிறவள் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

செப்டம்பர் 23

பாத்திரம் அப்படியே. இன்றும் ஓட்டல் இட்லி.

செப்டம்பர் 27, சனி

காலாண்டு விடுமுறை. விடைத்தாள் கட்டு மடியில். 'காரணம் கூறுக' பகுதியில் ஒருத்தி எழுதியிருந்தாள்: "இரும்பு துருப்பிடிக்கிறது. ஏனென்றால் அது துருப்பிடிக்கும் பொருள்." சிரித்துக்கொண்டே சுழியம் போட்டேன்.

போட்ட பிறகு பேனா நின்றது. சோபியா ஏன் வீட்டைச் சுத்தம் செய்வதில்லை? ஏனென்றால் அவள் சோம்பேறி. பதின்மூன்று மாதமாக இதே விடையைத்தானே எழுதிக்கொண்டிருக்கிறேன்? இதற்கு என்ன மதிப்பெண்?

மூன்று பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போகிறேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் நோட்டைத் திருத்துகிறேன். பள்ளி ஆய்வகத்தில் ஒரு சோதனைக்குழாய்கூடக் கழுவாமல் இருக்காது. சோம்பேறி என்றால் எல்லா இடத்திலும் சோம்பேறியாக அல்லவா இருக்க வேண்டும்? வீட்டில் மட்டும் வருகிற சோம்பல் என்ன ஜாதிச் சோம்பல்?

திட்டுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நாள் கவனித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ஒரு பூச்சியைப் பார்ப்பதுபோல. பூச்சியை யாரும் திட்டுவதில்லை.

முதல் சோதனை: பாத்திரம் கழுவ எவ்வளவு நேரமாகும் என்று மனசைக் கேட்டேன். இரண்டு மணி நேரம் என்றது. செல்போனில் நேரம் வைத்துக் கழுவினேன். இருபத்திரண்டு நிமிடம். அதிலும் நான்கு நிமிடம் குக்கர் மூடியோடு சண்டை.

மனசு சொல்லும் கணக்கை இனி நம்புவதாக இல்லை.

செப்டம்பர் 29

துணிக்குவியலில் பாதியை மடித்தேன். பாதி போதும் என்று முதலிலேயே சொல்லிக்கொண்டதால் கை போனது. அடியில் அந்தக் கல்நத்தை கிடந்தது! எப்போதோ இங்கே கடல் இருந்ததற்குச் சாட்சி என்று பிள்ளைகளுக்குக் காட்டி, பிறகு காணாமல்போய், ஒரு வகுப்பையே சந்தேகப்பட்டேனே, அதே கல். நாளைக்கே போய் மன்னிப்புக் கேட்க முடியாது, லீவு.

கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் இருந்தது, என் நைட்டிகளுக்கு அடியில் ஒரு வருஷம் இருந்தால் என்ன.

அக்டோபர் 2

இன்று கவனித்தது: வேலையைத் தொடங்கும் முன் காதுக்குள் ஒரு குரல். "பொம்பள இருக்குற வூடா இது?" அது யாருடைய குரல்?

அம்மா இல்லை. அம்மா இருந்தவரை நாங்கள் சீப்பைத் தேடாமல் ஒருநாள்கூடத் தலை வாரியதில்லை. அவரே தேடுவார், அவரே சிரிப்பார். பெரம்பலூரில் இருக்கும் அண்ணியா? அவர் மனசில் நினைப்பார், வாயால் சொல்ல மாட்டார். நாலைந்து முறை கேட்ட பிறகு பிடிபட்டது. என் குரல்தான். அசிங்கமான நோட்டை மேசையில் போட்டு, "இதெல்லாம் ஒரு நோட்டா?" என்று கேட்பேனே, அந்தத் தொனி. அப்படிக் கேட்டு எந்தப் பிள்ளையாவது நோட்டை அழகாக வைத்துக்கொண்டிருக்கிறதா? ஒளித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

நானும் ஒளித்துத்தான் வைத்திருக்கிறேன். வீட்டையே.

அக்டோபர் 7

பள்ளி திறந்தாயிற்று. கல்நத்தையைக் காட்டி வகுப்பிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரே கைதட்டல். சிவரஞ்சனி எழுந்து, "எங்க மிஸ் இருந்துச்சு?" என்றாள். "துணிக்கு அடியில." "எங்க வூட்லயும் எல்லாம் துணிக்கு அடியிலதான் மிஸ் இருக்கும்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். இந்தப் பெண்ணின் நோட்டைத்தான் ஜூலையில் மேசை மேல் வீசினேன்.

அக்டோபர் 11, சனி

ஒரு விசித்திரம்.

பாத்திரம் கழுவ முடிகிறது. துணி மடிக்க முடிகிறது. இன்று ஒட்டடை அடித்தேன், பெருக்கினேன், மூன்று முறம் குப்பை. ஆனால் வாளியில் தண்ணீர் பிடித்துத் தரை துடைக்கலாம் என்று குனிந்ததும் மூச்சு முட்டுகிறது. வாளியை அப்படியே பாத்ரூமில் கவிழ்த்துவிட்டேன்.

பினாயில் வாசனையாக இருக்குமோ என்று வெறும் தண்ணீரில் முயன்றேன். அதேதான். பழைய துணியை விட்டுவிட்டு, கடையில் குச்சி வைத்த மாப் வாங்கி வந்தேன். அதேதான். சமையலறையில் முடிகிறதா? முடிகிறது! மூன்று கட்டம் துடைத்தேன். பாத்ரூம்? முடிகிறது. ஹால்? முடியவில்லை.

ஆக, தரை இல்லை, தண்ணீர் இல்லை, பினாயில் இல்லை. ஹாலும் ஈரமும் சேர்ந்தால் மட்டும்.

நாற்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு ஆராய்ச்சி. பயமாக இல்லை, ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. இதற்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

அக்டோபர் 12

யார் என்று தெரியும்போலத்தான் இருக்கிறது. எழுத மாட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

சுரூபம் ஐந்து வீடு தாண்டிவிட்டது. இருபத்தி நாலாம் தேதி நான். ஹால் தரை இன்னும் அப்படியே. கோயிலில் அக்காவைத் தேடிப் போய், "என்னைக் கடைசியா போட்டுருங்கக்கா" என்றேன். இன்னும் ஒரு வாரம் கிடைக்குமே என்ற கணக்கு.

அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நெசமாவா சொல்ற? கடைசி வூட்டுக்கு ஒருத்தரும் ஒத்துக்க மாட்டேங்குறாங்களேன்னு தவிச்சுக்கிட்டு இருந்தேன். பதினெட்டு குடும்பமும் வரும், அம்பது அறுபது பேரு. சாப்பாட்ட நாங்க பாத்துக்கறோம். ஃபாதரும் வந்து வூட்ட மந்திரிப்பாரு. ஒனக்குத்தான் எவ்ளோ பெரிய மனசு!"

மந்திரிப்பது என்றால் ஃபாதர் அறை அறையாகப் போய்த் தீர்த்தம் தெளிப்பார். அறை அறையாக. அப்பா அறை உட்பட.

தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு, பத்துப் பேர் வர வேண்டிய இடத்தில் அறுபது பேரைக் கூப்பிட்டுவிட்டேன். இதுவும் என் சாமர்த்தியம்தான்.

அக்டோபர் 20

தீபாவளி. எதிர்வீட்டு ராசாங்கம் சார் மனைவி முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்தார். கேட்டில் நின்றே வாங்கிக்கொண்டேன். அவர் கண் என் தோளைத் தாண்டி ஒருமுறை போய்த் திரும்பியது.

அக்டோபர் 23, வியாழன்

மழை. பள்ளிக்கு விடுமுறை. காலையில் ஹால் ஜன்னலை மூட மறந்திருந்தேன். சமையலறையிலிருந்து பார்த்தால் ஹால் முழுக்க ஈரம் மினுமினுக்கிறது.

தாண்டிப் போய் ஜன்னலைச் சாத்த வேண்டும். அவ்வளவுதான். சமையலறை நிலைப்படியில் நின்றேன். கால் எழும்பவில்லை. தரை காயட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன். மழை உள்ளே அடித்துக்கொண்டிருக்கிறது, அது எப்படிக் காயும்? இருந்தும் நின்றேன். கால்மணி நேரம் நின்றேன்.

சரி. எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கும் இதே நிலைப்படிதான். போன வருஷம் ஆகஸ்ட் மாசம். அப்பா படுத்து ஒன்பது மாதம். அண்ணன் முந்தைய வாரம் வந்தபோது சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "வூடு ஒரு மாதிரி வாடை அடிக்குது சோபி." கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான். எனக்குச் சுருக்கென்றது. ராத்திரி பகலாக மலம் மூத்திரம் அள்ளுகிறேன், வாடை அடிக்காமல் மல்லிகையா மணக்கும்? அந்தச் சனிக்கிழமை பெரம்பலூரிலிருந்து கிளம்பிவிட்டோம் என்று போன் வந்ததும் வாளியை எடுத்தேன். இன்றைக்கு யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. அப்பா அறை வாசலிலிருந்து பின்வாக்கில் துடைத்துக்கொண்டே வந்து சமையலறையில் முடித்தேன். கண்ணாடிபோல இருந்தது.

அப்பா கூப்பிட்டார். "பாப்பா."

நான் சொன்னேன் — "தரை ஈரமா இருக்குப்பா. காயட்டும், வரேன்."

இன்னொரு முறையும் கூப்பிட்டார். மெதுவாக. எனக்குக் கேட்டுச்சு. கேட்கலன்னு நான் யாருகிட்டயும் சொல்ல முடியாது, கேட்டுச்சு. காலடி பட்டா தடம் விழுந்துரும்னு ஃபேனைப் போட்டுட்டு உக்காந்திருந்தேன். ஆறு எட்டு வச்சாப் போதும். ஆறே எட்டு. போயிருக்கலாம்ல? தடம் விழுந்தா விழுந்துட்டுப் போவுது, போயிருக்கலாம்ல?

காய்ந்ததும் போனேன். அப்பா இல்லை.

எழவுக்கு வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். "நோயாளி கெடந்த வூடு மாதிரியா இருக்குது, எவ்ளோ சுத்தமா வச்சிருந்திருக்கா பாரு." ஒருவர் பாக்கி இல்லாமல் சொன்னார்கள்.

அதன் பிறகு நான் இந்த ஹாலைத் துடைக்கவில்லை.

அக்டோபர் 24

நேற்று எழுதியதைத் திரும்பப் படிக்கவில்லை. ஆனால் கிழிக்கவும் இல்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

படித்தேன்.

கவனிப்பது என்று தொடங்கியபிறகு பாதியில் கண்ணை மூடிக்கொள்வது ஏமாற்று வேலை. ஆகவே கேள்விகள்.

அப்பா எதற்குக் கூப்பிட்டார்? தெரியவில்லை. தண்ணீருக்கா, வலிக்கா, சும்மாவா? அவர் ஒரு நாளைக்கு முப்பது முறை கூப்பிடுவார். போர்வை சரிந்தால், பல்லி கத்தினால், மணி என்ன என்று கேட்க. நான் போயிருந்தால் இருந்திருப்பாரா? தெரியவில்லை. டாக்டர் அந்த வாரமே, "எப்ப வேணாலும்" என்றுதான் சொல்லியிருந்தார்.

தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதினால் குறைந்தபட்சம் அரை மதிப்பெண் கொடுப்பேன் என்று பிள்ளைகளிடம் சொல்வதுண்டு. பதின்மூன்று மாதமாக நான் தெரியாத கேள்விக்குத் தெரிந்த விடை எழுதியிருக்கிறேன்: "நான்தான் காரணம்." அது தவறு என்று சொல்லவில்லை. தெரியவில்லை. அவ்வளவுதான்.

இன்னொன்றும் கவனித்தேன். அந்த ஒரு கால்மணி நேரம்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கு முந்தைய ஒன்பது மாதம்? முப்பது முறை கூப்பிட்டதில் இருபத்தொன்பது முறை யார் போனார்கள்? அந்தப் பெண்ணைப் பற்றி இந்த நோட்டில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை. பாவம் அவள். இடுப்பு வலியோடு, தூக்கமே இல்லாமல், அண்ணன் சொன்ன ஒரு சொல்லுக்குப் பயந்து மண்டி போட்டுத் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அவளை சிவரஞ்சனியாக நினைத்துப் பார்த்தேன். திட்ட வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது. நன்றாக அழுதேன்.

பிறகு வாளியில் தண்ணீர் பிடித்தேன். அப்பா அறை வாசலிலிருந்து தொடங்கிச் சமையலறை வரை. மூச்சு முட்டியது, முட்டட்டும் என்று விட்டேன். முடித்து நிலைப்படியில் நின்றேன். ஃபேன் போடவில்லை.

ஈரத்திலேயே நடந்தேன். எண்ணினேன். ஆறு இல்லை, ஒன்பது எட்டு. அன்றைக்கு நான் எண்ணவே இல்லைபோல. அப்பா கட்டில் விளிம்பில் போய் உட்கார்ந்து, "வந்துட்டேன்பா" என்றேன். திரும்பிப் பார்த்தால் ஹாலின் குறுக்கே என் காலடித் தடம். அழிக்கவில்லை.

அக்டோபர் 28

சுத்தம் செய்யாமல் விட்டவை: பரண், அலமாரியின் கீழ்த்தட்டு, மீதிப் பாதித் துணி. துணியை மூன்று மூட்டையாகக் கட்டிப் பின்னறையில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டேன். அதற்கு மேல் இப்போது முடியாது. முடியாது என்பதைத் திட்டாமல் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 31, வெள்ளி

எல்லாரும் போய்விட்டார்கள். கால் விண்ணென்று வலிக்கிறது, அதற்குள் எழுதிவிட வேண்டும்.

மதியம் முழுக்க மழை. நாலரைக்கு வந்து பார்த்தால் வாசல் கதவுக்கடியில் மழைத்தண்ணீர் புகுந்து ஹால் சேறாக இருந்தது. அவசர அவசரமாகத் துடைத்து முடித்தேன். ஆறு மணிக்குத்தானே வருவார்கள் என்று இருந்தால், மழை விட்டதைப் பார்த்து ஐந்தே காலுக்கே பாட்டுச் சத்தம். அக்கா குடைக்குள் மாதா சுரூபத்தை ஏந்திக்கொண்டு வாசற்படியில். பின்னால் தெருவே நிற்கிறது.

அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். வைத்த காலைப் பின்னால் எடுத்தார்.

"அடடா, இப்பதான் தொடச்சியா? ஈரமா இருக்கே. தரை காயட்டும் சோபியா, நாங்க வெளியில நிக்கிறோம்."

அவருக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. எனக்கு ஒரு நொடி காது அடைத்துவிட்டது.

"காய வேணாம்க்கா. மிதிச்சுக்கிட்டே வாங்க. எல்லாரும் வாங்க."

கத்திவிட்டேன்போல. அக்கா என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சேற்றுக் காலோடு உள்ளே வந்தார். அவர் பின்னால் அறுபது பேர், நூற்றிருபது கால். ஐந்து நிமிடத்தில் என் தரை நடவு வயல் மாதிரி ஆகிவிட்டது.

ஃபாதர் தீர்த்தத்தோடு அறை அறையாகப் போனார். அப்பா அறையில் சற்று நின்று, "உங்க அப்பா வாத்தியார் இங்கதான் படுத்திருந்தாரா?" என்றார். ஆமாம் என்றேன். கட்டிலின் மேல் இரண்டு முறை தெளித்தார். நான் தடுப்பதற்குள் பின்னறைக் கதவையும் திறந்துவிட்டார். மூன்று துணி மூட்டையும் அவரைப் பார்த்தன. முகம் மாறாமல் அவற்றுக்கும் தீர்த்தம் தெளித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். பின்னால் நின்ற ராசாங்கம் சார் மனைவி என் காதில், "எங்க வூட்ல அஞ்சு மூட்டை" என்றார். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவந்தபோதே இதை அவரிடம் கேட்டிருக்கலாம்.

தரை இப்போது சேறும் சுண்டலுமாகக் கிடக்கிறது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

நவம்பர் 1

மணிவேல் கேட்டில் சிலிண்டரை இறக்கப் போனார். "உள்ள கொண்டாந்து வச்சிருங்க" என்றேன். "அடுப்படி எந்தப் பக்கம் மேடம்?" என்று கேட்டார். ஒரு வருஷமாகச் சிலிண்டர் போடுகிறவர்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். அப்பாவை அடக்கம் செய்த வரதராசன்பேட்டைக்குப் போனேன். போன வருஷம் காய்ச்சல் என்று பொய் சொல்லிப் போகவில்லை. அண்ணன் பெரம்பலூரிலிருந்து எனக்கு முன்பே வந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். அண்ணி மெழுகுவத்தி வாங்கப் போயிருந்தார். சுற்றிலும் ஒவ்வொரு கல்லறையிலும் ஒரு குடும்பம், தேய்ப்பதும் கழுவுவதும் மாலை போடுவதுமாக.

இரண்டு பேருமாக அப்பா கல்லறையைத் தேய்த்தோம். நான் குடத்துத் தண்ணீரை ஊற்ற, அண்ணன் தென்னந்துடைப்பத்தால் தள்ளினார். தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், தலை நிமிராமல்.

"அண்ணே, அன்னைக்கு அப்பா என்னையக் கூப்பிட்டாரு. ரெண்டு தடவை. தரை தொடச்சிட்டு, காயட்டும்னு உக்காந்திருந்தேன். போகல."

துடைப்பம் நின்றது. திட்டப் போகிறார், அல்லது தேற்றப் போகிறார் என்று நினைத்தேன்.

"நாங்க வர்ற வழியில பேரளியில நின்னோம் சோபி. நான்தான் நிறுத்தச் சொன்னேன். டீ குடிச்சேன். சூடா இருந்துச்சுன்னு ஆத்தி ஆத்திக் குடிச்சேன். இருபது நிமிஷம். நிக்காம வந்திருந்தா உசுரோட அப்பா மூஞ்சியப் பாத்திருப்பேன். இன்னைக்கு வரைக்கும் அந்தக் கடைப் பக்கம் வண்டிய நிறுத்துறதில்ல."

ஐம்பது வயசு மனிதர், துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"டீதானண்ணே குடிச்ச" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"நீயும் தரைதான புள்ள தொடச்ச."

அண்ணி மெழுகுவத்தியோடு வந்தார். "கல்லு காயட்டும், அப்பறம் ஏத்தலாம்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் அதற்குள் கல்லறை விளிம்பில் உட்கார்ந்துவிட்டிருந்தோம். புடவை நன்றாக நனைந்துவிட்டது. பஸ்ஸில் அரியலூர் வரும் வரை ஈரம்தான்.